உப்பிட்டவர் யார்?

இலக்கியம் பேசுவதற்கென்று கூடிய இடத்தில் உப்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் உப்பை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர்கள் நாங்கள் அல்லர். நெய்தல் நிலத்திலிருந்து வண்டிகளில் உப்பேற்றிப் புறப்பட்ட உமணர்கள் சங்கப் பாடல்களில் வழிநெடுகத் தென்படுகிறார்கள். ஊடலுக்கு அளவு சொல்ல வந்த வள்ளுவருக்கும் உப்புதான் உவமையாகக் கைகொடுத்தது. ஊடல் உப்பைப் போல அளவாக அமைய வேண்டும், நீட்டித்தால் உப்பு மிகுந்ததைப் போலாகிவிடும் என்பது அவர் கருத்து. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற பழமொழியை நினைவில் வைத்துக்கொண்ட நாம், உப்பு மிகுந்த பண்டத்தைப் பற்றிய எச்சரிக்கையை மறந்துவிட்டோமோ என்ற ஐயம் சில காலமாகவே எங்களுக்கு உண்டு.

அந்த ஐயத்திற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் நண்பர் குழாத்தில் மூத்தவர் ஒருவர், ரத்த அழுத்தம் மிகுந்து நான்கு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். உப்பைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். நாங்கள் அண்ணி என்று அழைக்கும் அவருடைய துணைவியார் வீடு திரும்பிய அன்றே ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டார். அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. ரசத்தில் பாதி உப்பு, கூட்டில் கால் உப்பு. அப்படியும் மூன்று மாதம் கழித்து, எதிர்பார்த்த அளவுக்கு அழுத்தம் இறங்கவில்லை என்றார் மருத்துவர். "கஞ்சிக்குக்கூட உப்புப் போடறதில்லை தம்பி, வேற எங்கேருந்துதான் வருது?" என்று அண்ணி கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

பதில் மேசைமீதே இருந்தது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் நம்மூரில் என்ன வாங்கிப் போவோம்? ரொட்டி, பிஸ்கட், ஏதேனும் சத்துமாவு. நாங்களும் அவற்றைத்தான் வாங்கிப் போயிருந்தோம். காரமில்லை, எண்ணெயில்லை, செரிமானத்துக்கு எளிது என்று அவர் காலையும் மாலையும் ரொட்டியே உண்டார். வாய்க்குச் சற்று ருசியாக இருக்கட்டும் என்று இரவில் பொட்டலத்துப் பொடியைக் கொதிநீரில் கலக்கிய சூப். அன்றுதான் முதன்முறையாகப் பொட்டலங்களைத் திருப்பி அந்தச் சிற்றெழுத்துக்களைப் படித்தோம். ரொட்டியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம். சூப்பில் ஒரு கிண்ணத்துக்கு 600 மில்லிகிராம். அழுத்தம் இறங்காததற்கு இவைதாம் காரணம் என்று சொல்ல நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஆனால் அண்ணியின் கேள்விக்கு ஒரு பகுதி விடை அங்கே அச்சாகிக் கிடந்தது என்பதில் ஐயமில்லை.

சோடியம் என்று எழுதியிருப்பதை உப்பாக மாற்றக் கணக்கு எளிது. சோடியத்தின் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்பது ஒரு கிராம் உப்பு. 600 மில்லிகிராம் என்பது ஒன்றரை கிராம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர் ஒருவருக்குப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அப்படியானால் நான்கு துண்டு ரொட்டியிலும் ஒரு கிண்ணம் சூப்பிலுமே அவருடைய நாளின் உப்பில் பாதி முடிந்துவிட்டிருக்கிறது. அண்ணி அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பே!

உருளைக்கிழங்கு வறுவலில் உப்பு மேற்பரப்பில் தூவப்பட்டிருப்பதால் நாக்கில் பட்டதும் தெரிந்துவிடுகிறது. ரொட்டியில் அது மாவோடு மாவாகக் கலந்து கிடக்கிறது. ஈஸ்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தவும், மாவுக்கு இழுவைத் தன்மை தரவும் அங்கே உப்பு தேவைப்படுகிறது. இனிப்பு பிஸ்கட்டில் சர்க்கரை அதை மறைத்துவிடுகிறது. இவை தவிர, மாவை உப்பச் செய்யும் சோடியம் பைகார்பனேட், சுவையூட்டும் மோனோசோடியம் குளூட்டமேட், கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் என்று வேறு பெயர்களிலும் சோடியம் வந்து சேர்கிறது. நாக்கு ஏமாறுகிறது. சிறுநீரகமும் ரத்தக் குழாய்களும் ஏமாறுவதில்லை.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. குழம்பை இறக்குமுன் ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் ஊற்றி, அருகில் நிற்பவரிடம் "உப்புப் பார்த்துச் சொல்லு" என்று நீட்டுவது. அந்தச் சிறிய சடங்கில் ஒரு பெரிய உரிமை இருக்கிறது. உண்ணப் போகிறவரைக் கேட்டுவிட்டுத்தான் உப்பு முடிவாகிறது. குறைந்தால் சேர்க்கலாம். வீட்டில் நோயாளி இருந்தால் அவர் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் போடலாம். பொட்டலத்து உணவில் இந்த உரிமை பறிபோகிறது. அதில் உப்பைச் சேர்த்துக்கொள்ள முடியும், எடுக்க முடியாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். இங்கே உப்பிட்டவர் யாரென்றே நமக்குத் தெரியாது. எவ்வளவு இட்டார் என்று அவர் நம்மைக் கேட்டதுமில்லை.

இதனால்தான், உப்பைக் குறைத்துக்கொள் என்று தனிமனிதனுக்கு அறிவுரை சொல்வது மட்டும் போதாது என்று நாங்கள் கருதுகிறோம். பதப்படுத்தப்பட்ட உணவில் உப்பைக் குறைக்க வேண்டிய பொறுப்பு அதைத் தயாரிப்பவருடையது. அவரைக் குறைக்கச் செய்ய வேண்டிய பொறுப்பு அரசினுடையது. இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்.

விஷயம் சிறியதன்று. மிகை உப்போடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உலகில் வளர்ந்தவர் ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 10 கிராமுக்கும் மேல் என்றும் அது கூறுகிறது. 2025ஆம் ஆண்டுக்குள் மக்கள் உண்ணும் உப்பின் சராசரியை 30 சதவீதம் குறைப்பது என்று 2013இல் உறுப்பு நாடுகள் எல்லாம் கூடி இலக்கு வைத்தன. பத்தாண்டு கழித்து 2023இல் வெளியான அறிக்கை, முழுமையான கட்டாய நடவடிக்கைகளை எடுத்த நாடுகள் 5 சதவீதம் மட்டுமே என்றது. கெடு வைத்த 2025ஆம் ஆண்டும் கடந்துவிட்டது.

உப்பைக் குறைத்தால் மக்கள் வாங்கமாட்டார்கள், நாக்கு கேட்கிறது நாங்கள் கொடுக்கிறோம் என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். நாக்கு பிறவியிலேயே ஓர் அளவோடு வருவது போல ஒலிக்கிறது இது. உண்மையில் நாக்கு பழக்கத்தின் அடிமை. உப்புக் குறைந்த உணவைச் சில மாதங்கள் தொடர்ந்து உண்டவர்களுக்குக் குறைந்த உப்பே பிடித்துப்போகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1982இலேயே காட்டிவிட்டார்கள். பத்தியம் இருந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் சாப்பாடு மண்ணாக இருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திருமண விருந்துக்குப் போனால் சாம்பாரே கரிக்கும்.

இந்த உண்மையை ஒரு நாடே பயன்படுத்திக்கொண்ட கதை பிரிட்டனுடையது. அங்கே உப்பின் பெரும்பகுதி சமையலறையிலிருந்து வருவதில்லை, கடையில் வாங்கும் உணவிலிருந்தே வருகிறது. அதில் ரொட்டிக்கு முதன்மையான இடம். 1996இல் கிரகாம் மக்கிரெகர் என்ற மருத்துவப் பேராசிரியரின் முயற்சியில் நிபுணர்கள் சிலர் கூடி, உப்புக் குறைப்புக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னர் உணவுத் தர முகமை என்ற அரசு அமைப்பு இப்பணியைக் கையிலெடுத்தது. 2006இல் ரொட்டி, பாலாடைக்கட்டி, சாஸ், பதப்படுத்திய இறைச்சி என எண்பதுக்கும் மேற்பட்ட உணவு வகைகளுக்குத் தனித்தனியே உப்பு இலக்குகள் வெளியாயின. சட்டம் ஏதும் இல்லை. ஆனால் யார் குறைத்தார்கள், யார் குறைக்கவில்லை என்பது கண்காணிக்கப்பட்டது, வெளியிலும் சொல்லப்பட்டது. எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் சிறிது சிறிதாகக் குறைத்தமையால் வாங்குபவர் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவவும் இல்லை.

2001இல் 100 கிராம் ரொட்டியில் சராசரியாக 1.23 கிராமாக இருந்த உப்பு 2011இல் 0.98 கிராமாயிற்று. அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ரொட்டி விற்பனை படுத்துவிடவில்லை. உண்டவர்களில் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. 2000ஆம் ஆண்டையொட்டி நாளொன்றுக்கு 9.5 கிராமாக இருந்த மக்களின் சராசரி உப்பு 2011இல் 8.1 கிராமாக இறங்கியது. ஏறத்தாழ ஒன்றரை கிராம் பெரிதா என்று தோன்றலாம். ஒருவருக்கு அது சிறிதுதான். கோடிக்கணக்கானவர்களுக்கு ரத்த அழுத்தம் ஓரிரு புள்ளிகள் இறங்கினாலும் எத்தனை பக்கவாதங்கள் வராமல் போகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2010இல் அப்பொறுப்பு உணவுத் தர முகமையிடமிருந்து எடுக்கப்பட்டு, 2011இல் தயாரிப்பாளர்களின் நல்லெண்ணத்தை நம்பிய ஏற்பாடு ஒன்று வந்தது. 2018-19இல் இங்கிலாந்தில் எடுத்த கணக்கில் சராசரி உப்பு 8.4 கிராம். குறைந்து வந்தது நின்றுபோயிற்று. வரப்பில் ஆள் நின்றவரை மாடு மேயவில்லை, ஆள் நகர்ந்ததும் பழைய கதைதான். தென்னாப்பிரிக்கா இதில் வேறு வழியைத் தேர்ந்தது. 2013இல் விதிகளை இயற்றி 2016, 2019 என இரண்டு கட்டங்களில் ரொட்டி உள்ளிட்ட உணவு வகைகளுக்குச் சோடியத்தின் உச்ச அளவைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. ரொட்டிக்கு முதற்கட்டத்தில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராம், அடுத்த கட்டத்தில் 380. எங்களுக்கு இந்த வழியே மேலானதாகப் படுகிறது.

தொழில்நுட்பம் இடங்கொடுக்காது என்ற வாதத்தையும் பார்ப்போம். ஓரெல்லை வரை அது உண்மை. உப்பை ஒரேயடியாக எடுத்துவிட்டால் இறைச்சி கெடும், ரொட்டி சரியாக எழும்பாது. ஆனால் 2012இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஓர் ஆய்வு, துரித உணவு நிறுவனங்களின் பண்டங்களை ஆறு நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரே பெயருடைய கோழித் துண்டுகளில் 100 கிராமுக்கு அமெரிக்காவில் 1.6 கிராம் உப்பு, பிரிட்டனில் 0.6 கிராம். அதே நிறுவனம், அதே பண்டம். கேட்கிற அரசு இருக்கும் நாட்டில் இயலுவது, கேட்காத நாட்டில் மட்டும் எப்படி இயலாமற் போகும்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியர்கள் உண்ணும் உப்பும் பரிந்துரையைவிட மிக அதிகம் என்பதில் ஆய்வுகளுக்குள் கருத்து வேறுபாடில்லை. ஆனால் இங்கே அதன் பெரும்பகுதி இன்னமும் வீட்டுச் சமையலிலிருந்தே வருகிறது. இதை மறைத்துவிட்டு ஆலைகளை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. நம் ஊறுகாயும் அப்பளமும் குற்றமற்றவை அல்ல. தட்டில் தனியே உப்பு வைத்துப் பரிமாறும் பழக்கமும் அப்படியே.

அப்படியானால் பொட்டலத்து உணவைப் பற்றி இப்போதே ஏன் கவலைப்பட வேண்டும்? இரண்டு காரணங்கள் சொல்வோம். முதலாவது, வீட்டு உப்பைக் குறைக்க வீட்டிலிருப்பவரால் முடியும். எங்கள் அண்ணி ஒரே நாளில் செய்து காட்டினார். அவரால் முடியாமற் போனது பொட்டலத்தின் முன்னால்தான். இரண்டாவது, குழந்தைகள். பள்ளிவிட்டு வந்ததும் நூடுல்ஸும் வறுவலும் தின்று வளரும் பிள்ளையின் நாக்கு, அங்கே பழகிய அளவைத்தான் சோற்றிலும் கேட்கும். "சப்புனு இருக்கு" என்று தட்டைத் தள்ளும் பிள்ளைக்காகத் தாய் சாம்பாரிலும் ஒரு சிட்டிகை கூட்டுகிறாள். சமையலறையின் அளவை ஆலை தீர்மானிக்கத் தொடங்குவது இப்படித்தான். பழகிவிட்ட நாக்கைத் திருத்துவதைவிடப் பழகுமுன் காப்பது எளிது.

நம் அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். 2018இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இயக்கம் ஒன்றைத் தொடங்கி, இன்று முதல் கொஞ்சம் குறைவாக என்ற பொருள்படும் இந்தி முழக்கத்தோடு விளம்பரங்கள் செய்தது. பெருநிறுவனங்கள் உப்பையும் சர்க்கரையையும் கொழுப்பையும் தாமாகக் குறைப்பதாக உறுதியளித்தன. 2020ஆம் ஆண்டின் விதிகள் சோடியத்தின் அளவைப் பொட்டலத்தில் அச்சிடக் கட்டாயப்படுத்தின. 2022இல் நட்சத்திரங்களால் மதிப்பிடும் முறைக்கு வரைவு வெளியானது. எத்தனை நட்சத்திரம் என்பதைவிட, உப்பு மிகுதி என்று நேரடியாக எச்சரிப்பதே பயன் தரும் என்று நலவாழ்வு ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். சிலி நாட்டில் 2016 முதல் கறுப்பு எண்கோண முத்திரை அவ்வாறுதான் எச்சரிக்கிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. மூன்று மாதத்துக்குள் பரிந்துரைகளை இறுதிசெய்யுமாறு 2025 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூலையில் மேலும் மூன்று மாத அவகாசம் தரப்பட்டது.

முன்பக்க எச்சரிக்கை வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. அதுவும் அந்தந்த மாநில மொழியில், கண்ணாடி தேடாமல் படிக்கும் அளவில் வேண்டும். ஆனால் எச்சரிக்கை படிக்கத் தெரிந்தவருக்கும், வேறொன்றைத் தேர்ந்தெடுக்க வசதி உள்ளவருக்குமே முழுப்பயன் தரும். பேருந்து நிலையத்தில் ஐந்து ரூபாய்க்குப் பசியாற்றிக்கொள்ளும் தொழிலாளிக்குத் தேர்வு ஏது? உணவிலேயே உப்புக் குறைந்துவிட்டால் படித்தவர், படிக்காதவர், உள்ளவர், இல்லாதவர் அனைவருக்கும் அது போய்ச்சேரும்.

உப்புக்காக அறப்போர் நடத்திய நாட்டில் உப்புக்குக் கட்டுப்பாடா என்று உணர்ச்சியோடு கேட்பவர்களும் உண்டு. 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜியோடு நடந்தவர்கள் எதை எதிர்த்தார்கள்? தமக்கு வேண்டிய உப்பைத் தாமே எடுத்துக்கொள்ளும் உரிமையில் அந்நிய அரசு குறுக்கிட்டதை எதிர்த்தார்கள். தன் உணவில் எவ்வளவு உப்பு என்று தீர்மானிக்கும் உரிமையை இன்று பறித்திருப்பது சட்டமன்று, பொட்டலம். ஆலையின் உப்புக்கு உச்சவரம்பு வைத்தால் யாருடைய உப்புக் கிண்ணமும் பறிபோகாது. வேண்டுமென்பவர் மேலே தூவிக்கொள்ளட்டும்.

அயோடின் குறைந்துபோகுமே என்பது இதைவிடப் பொருட்படுத்தத்தக்க கவலை. கழலை நோயைத் தடுக்க நம் நாட்டில் உப்பின் வழியாகத்தான் அயோடின் தரப்படுகிறது. உப்பு குறையும்போது அதில் சேர்க்கும் அயோடினின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம், இரண்டு நோக்கங்களும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பும் ஒரு வழி. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வுப்பை உண்டவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம் ஆபத்தாகலாம். ஆகவே மருத்துவரைக் கேளாமல் எவரும் இதற்கு மாற வேண்டாம்.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ், நொறுக்குத் தீனி, சூப், சாஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உச்ச அளவு வேண்டும். அது எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே நாளில் நடைமுறைக்கு வர வேண்டும். சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைய வேண்டும். யார் மீறினார்கள் என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும். அது சட்டமாக இருக்க வேண்டும், வாக்குறுதியாக இருக்கக்கூடாது.

எங்கள் நண்பர் இப்போது ரொட்டியை விட்டுவிட்டார். காலையில் இட்லி, இரவில் அண்ணி வைக்கும் கஞ்சி. அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையும் உண்டு, ஆகவே புகழை யாருக்குப் பிரித்துக்கொடுப்பது என்று தெரியவில்லை. அண்மையில் அவரைப் பார்க்கச் சென்றபோது ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனோம். நண்பர்களும் இனி நோயாளியைப் பார்க்கப் போகும்போது, பையில் போடுமுன் பொட்டலத்தைத் திருப்பி ஒருமுறை படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எண்ணை இரண்டரையால் பெருக்க மறந்துவிடாதீர்கள்.